ஒரே பாம்பு, ஆயிரம் டிசைன்: பால் பைத்தான் 'மார்ஃப்' என்றால் என்ன? அந்த அழகுக்கு பாம்பு கொடுக்கும் விலை என்ன?

2023 ஜனவரி. சென்னை விமான நிலையம். பேங்காக்கில் இருந்து வந்த விமானத்தின் பைகள் வரும் இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பைகளை சுங்கத்துறை அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 பால் பைத்தான்கள். கூடவே 8 கார்ன் பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள்.

அதே ஆண்டு ஜூலையில் திருச்சி. கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பயணியின் பைக்குள் பல வகை, பல வயதில் 47 மலைப்பாம்புகள். செப்டம்பரில் பெங்களூரு. மறுபடியும் பேங்காக் விமானம். இந்த முறை 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும்.

இந்த மாதிரி செய்திகளில் வரும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் டப்பா ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். ஒன்றில் வாழைப்பழ மஞ்சளில் ஒரு பாம்பு. அடுத்ததில் பெயின்ட் கொட்டியது போல பாதி உடம்பு வெள்ளை. இன்னொன்றில் நீலக் கண்ணோடு முழு வெள்ளை. கமென்ட் பகுதியில் "இதெல்லாம் என்ன பாம்பு ப்ரோ?" என்று ஒரே கேள்வி.

பதில் கொஞ்சம் ஆச்சரியமானது. எல்லாமே ஒரே இனம்தான்.

அது என்ன 'பால்' பைத்தான்?

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். இது பசும்பால் இல்லை, ஆங்கிலப் பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடம்பை உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும். அதனால் அமெரிக்காவில் அந்தப் பெயர். பிரிட்டனில் இதையே ராயல் பைத்தான் என்கிறார்கள். அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ்.

சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின், நைஜீரியா பக்கம். மூன்றிலிருந்து ஐந்து அடி வரை வளரும். விஷம் கிடையாது. பகலில் எலி வளையிலோ கரையான் புற்றிலோ கிடக்கும், இரவில் எலி பிடிக்கும். காட்டில் இருக்கும் பாம்பின் நிறம் சாதாரணம்தான்: கரும்பழுப்பு உடம்பில் வெளிர்பழுப்புத் திட்டுகள். காய்ந்த இலை, மண், நிழல் ஆகியவற்றுக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த டிசைனின் வேலையே அதுதான்.

பெனின் நாட்டின் உய்தா நகரில் இந்தப் பாம்புகளுக்கு ஒரு கோயிலே இருக்கிறது. அங்கே வீட்டுக்குள் பாம்பு வந்தால் யாரும் அடிக்க மாட்டார்கள், மரியாதையோடு எடுத்துக் கொண்டுபோய் விடுவார்கள். புற்றுக்குப் பால் ஊற்றும் நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. ஆனால் அதே வட்டாரத்தில் இருந்துதான் உலகச் சந்தைக்கும் இந்தப் பாம்பு போகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நிறம் எப்படி மாறுகிறது?

நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கும் வழி அடைபட்டால் முடி வெள்ளையாகிவிடும், தோல் வெளுத்துவிடும். அதைத்தான் அல்பினிசம் என்கிறோம்.

பாம்புக்கு அது மட்டும் போதாது. அதன் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் இருக்கின்றன. கருப்பு, பழுப்பு நிறத்துக்கு ஒரு வகை. மஞ்சள், சிவப்புக்கு இன்னொரு வகை. மூன்றாவது வகை நிறமியையே வைத்திருக்காது, குட்டிக் குட்டி படிகங்களால் ஒளியைத் திருப்பி அனுப்பும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த கலர் கண்ணாடி மாதிரி வேலை செய்கின்றன.

இப்போது ஒரு கண்ணாடியை மட்டும் உருவிவிடுங்கள். கருப்பு போனால்? மஞ்சள் அப்படியே நிற்கும். அதனால்தான் அல்பினோ பால் பைத்தான் முழு வெள்ளையாக இல்லாமல் மஞ்சளும் வெள்ளையுமாக, சிவந்த கண்ணோடு இருக்கிறது. மஞ்சள் போனால்? கருப்பு, சாம்பல், வெள்ளி. அதற்குப் பெயர் ஆக்ஸாந்திக். சில இடங்களில் மட்டும் நிறச் செல்களே போய்ச் சேரவில்லை என்றால்? அந்த இடம் வெறும் வெள்ளை. அதுதான் பைபால்ட், சுருக்கமாக 'பைட்'.

இப்படி ஒரு ஜீனில் ஏற்பட்ட மாற்றத்தால் வெளியே வித்தியாசமாகத் தெரியும் வடிவத்துக்குத்தான் 'மார்ஃப்' என்று பெயர். மார்ஃப் தனி இனம் கிடையாது, சாயம் பூசியதும் கிடையாது. தெருவில் ஒரே நாய் போட்ட குட்டிகளில் ஒன்று கருப்பு, ஒன்று செவலை, ஒன்று புள்ளி என்று இருக்கிறதே, அந்தக் கதைதான்.

எந்த ஜீன் என்பது இப்போது ஓரளவு தெரிந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த விதம்தான் சுவாரஸ்யம். அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹன்னா சைடல் என்ற பேராசிரியரின் குழு, பாம்பு வளர்ப்பவர்களிடம் பாம்புச் சட்டை கேட்டு வாங்கியது. ஆமாம், பாம்பு உரித்துப் போடும் அதே சட்டை. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். குப்பையில் போட வேண்டியதை கவரில் போட்டு அனுப்பினால் போதும், அதிலிருந்தே டிஎன்ஏ எடுத்துவிடலாம். வேலையில் பெரும்பகுதியைச் செய்தது வகுப்பில் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த இளநிலை மாணவர்கள்.

2022ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அல்பினோ மார்ஃபுக்குக் காரணம் டைரோசினேஸ் என்ற நொதிக்கான ஜீன். லாவெண்டர் அல்பினோவுக்கு ஓசிஏ2. அல்ட்ராமெல் என்ற மார்ஃபுக்கு டிஒய்ஆர்பி1. மனிதர்களில் அல்பினிசம் வருவதற்குக் காரணமான ஜீன்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இந்த மூன்றும் அதிலும் இருக்கும். பைபால்டுக்குக் காரணம் டிஎஃப்இசி என்ற ஜீன் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2023ல் காட்டியது. அந்த ஜீனை ஒரு பல்லி வகையில் வேண்டுமென்றே முடக்கிப் பார்த்தும் உறுதி செய்தார்கள்.

மெண்டலின் பட்டாணி, பாம்புக் கடையில்

பத்தாம் வகுப்பு அறிவியல் ஞாபகம் இருக்கிறதா? நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. 'இதை வச்சு வாழ்க்கையில என்ன பண்ணப் போறோம்' என்று நினைத்திருப்போம். இந்த வியாபாரம் முழுவதும் அந்த ஒரு பாடத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு ஜீனிலும் இரண்டு பிரதி உண்டு: அம்மாவிடம் இருந்து ஒன்று, அப்பாவிடம் இருந்து ஒன்று. அல்பினோ ஒரு ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பாம்பு பார்க்க சாதாரணமாகவே இருக்கும், ஆனால் உள்ளே அந்த ஜீனைச் சுமந்துகொண்டிருக்கும். இப்படிச் சுமக்கும் பாம்பை வியாபாரத்தில் 'ஹெட்' என்கிறார்கள். ஹெட்டரோசைகஸ் என்ற சொல்லின் சுருக்கம்.

இப்போது கவனியுங்கள். அல்பினோவையும் சாதாரணப் பாம்பையும் சேர்த்தால் பிறக்கும் குட்டி அத்தனையும் சாதாரண நிறம், அத்தனையும் ஹெட். இதில் சந்தேகமே இல்லாததால் '100 சதவீத ஹெட்' என்று விற்பார்கள். இரண்டு ஹெட்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று அல்பினோ. மீதி மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. அந்த மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று சுத்தமான சாதாரணம். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மூன்றையுமே '66 சதவீத ஹெட்' என்று விலை போடுவார்கள். மூன்றில் இரண்டு என்பதுதான் அந்த 66.

யோசித்துப் பாருங்கள். ஒரு பழுப்புப் பாம்புக்கு ஒரு விலை. அதே மாதிரி இருக்கும் இன்னொரு பழுப்புப் பாம்புக்கு அதைவிட அதிக விலை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாய்ப்புக் கணக்கு. வாங்குபவர் காசு கொடுப்பது பாம்புக்கா, லாட்டரிச் சீட்டுக்கா?

இந்த இடத்தில் ஏமாற்றுவது ரொம்ப சுலபம். சாதாரணப் பாம்பை ஹெட் என்று விற்றால், அது உண்மையா என்று தெரிய வளர்ந்து குட்டி போடும் வரை காத்திருக்க வேண்டும். பெண் பாம்பு முட்டையிடத் தயாராகவே சுமார் மூன்று வருஷம் ஆகும். இத்தனை காலமும் விற்றவரின் நேர்மையை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஜீன் தெரிய வந்த மார்ஃப்களுக்கு இப்போது பாம்புச் சட்டையை லேபுக்கு அனுப்பி டெஸ்ட் செய்துகொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் செய்த வேலை இப்படியும் பயன்படுகிறது.

எல்லா மார்ஃபும் ஒளிந்துகொள்வதில்லை. பாஸ்டல் என்ற மார்ஃபில் ஒரு பிரதி மாறியிருந்தாலே பாம்பு பளிச்சென்று மஞ்சளடிக்கும். இரண்டும் மாறியிருந்தால் இன்னும் வெளுக்கும். அதற்குப் பெயர் 'சூப்பர் பாஸ்டல்'. சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளை அந்திமந்தாரையையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு வருமே, அதே முழுமையற்ற ஓங்குத்தன்மை. மொஹாவே என்ற மார்ஃபில் ஒரு பிரதி இருந்தால் அழகான பழுப்பு டிசைன், இரண்டு பிரதி இருந்தால் டிசைனே இல்லாத வெள்ளைப் பாம்பு. மொஹாவேயையும் லெஸ்ஸர் என்ற இன்னொரு மார்ஃபையும் சேர்த்தாலும் குட்டிகளில் சில வெள்ளையாக, நீலக் கண்ணோடு பிறக்கின்றன. இரண்டுமே ஒரே ஜீனின் வெவ்வேறு மாற்றங்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்போ ஆயிரக்கணக்கான டிசைன் எப்படி?

கலவைதான். அடிப்படை மார்ஃப்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். அவற்றை இரண்டிரண்டாக, மும்மூன்றாகச் சேர்க்கும்போது எண்ணிக்கை ஆயிரங்களைத் தொடுகிறது. பாஸ்டலும் ஸ்பைடரும் சேர்ந்தால் 'பம்பிள்பீ'. சூப்பர் பாஸ்டலும் ஸ்பைடரும் சேர்ந்தால் 'கில்லர் பீ'. பெயர் வைப்பதற்கென்றே தனியாக உட்கார்ந்து யோசிப்பார்கள் போல.

வரலாறு ஒன்றும் பழையதில்லை. அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க் 1992ல் அல்பினோவைக் குட்டி போட வைத்து, அது பரம்பரையாகப் போகும் பண்பு என்று நிரூபித்தார். 1997ல் பீட்டர் கால் பைபால்டை நிரூபித்தார். அந்த முதல் பாம்புகளை யாரும் உருவாக்கவில்லை. ஆப்பிரிக்காவில் இருந்து வருஷம் வருஷம் பெட்டி பெட்டியாக வந்த குட்டிகளில் எப்போதாவது ஒன்று விசித்திர நிறத்தில் இருக்கும். காட்டில் இருந்திருந்தால் மஞ்சள் குட்டி பருந்துக்குப் பளிச்சென்று தெரிந்து, சீக்கிரமே இரையாகியிருக்கும். பெட்டிக்குள் வந்ததால் அதுவே பொக்கிஷம் ஆனது.

விலை? புதிய மார்ஃப் வந்த புதிதில் பல ஆயிரம் டாலர். பிறகு சரசரவென இறங்கும். காரணம் மெண்டலே. ஒரு பிரதி போதும் என்ற வகை மார்ஃபில் ஒரே ஒரு ஆண் இருந்தால்கூட, ஒரே சீசனில் பல பெண்களோடு சேர்த்து, பிறப்பதில் பாதியை அதே மார்ஃபாக எடுக்கலாம். நாலு வருஷத்தில் சந்தை நிரம்பிவிடும். ஒரு காலத்தில் காருக்கு இணையாக விலை பேசப்பட்ட பனானா, இன்று அமெரிக்காவில் நூறு, இருநூறு டாலருக்கே கிடைக்கிறது. அப்போது வளர்ப்பவர் என்ன செய்வார்? இன்னொரு ஜீனைச் சேர்ப்பார். பிறகு இன்னொன்று.

இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒரே பாம்பில் கொண்டுவர, இரண்டுக்கும் ஹெட்டாக இருக்கும் ஜோடியைச் சேர்த்தால் வாய்ப்பு 16ல் ஒன்று. மூன்று பண்பு என்றால் 64ல் ஒன்று. ஒரு பாம்பு ஒரு முறைக்கு இடுவதோ சராசரியாக ஆறு முட்டை. மீதி எல்லாம் 'வேண்டாத' குட்டிகள். அவையும் 20, 30 வருஷம் வாழக்கூடிய உயிர்கள். இந்தக் கணக்கை விளம்பரங்களில் பார்க்க முடியாது.

தலை நிற்காத பாம்பு

கதையின் கசப்பான பகுதி இதுதான்.

1999ல் ஆப்பிரிக்காவில் இருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒரு பாம்பின் உடம்பில் திட்டுகளுக்குப் பதிலாக மெல்லிய கருங்கோடுகள், சிலந்தி வலை மாதிரி. 'ஸ்பைடர்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பிரதி போதும், பாதிக் குட்டிகள் ஸ்பைடராகப் பிறக்கும். சந்தை கொண்டாடியது. இன்று உலகம் முழுக்க இருக்கும் கலவைகளில் ஏராளமானவற்றுக்குள் இந்த ஜீன் இருக்கிறது.

ஆனால் இந்தப் பாம்புகளின் தலை ஆடும். சிலவற்றில் லேசாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சிலவற்றில் தலை திருகிக்கொண்டு மேலே போகும், உடம்பு ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கொள்ளும். எலியைக் கொத்தப் போய் குறி தவறும். மல்லாத்திவிட்டால் புரண்டு எழத் திணறும். இதற்கு 'வாபிள்' என்று செல்லமாக ஒரு பெயர். தள்ளாட்டம் என்று சொன்னால்தான் நமக்கு விஷயம் உறைக்கும்.

தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தால் தள்ளாட்டத்தை நீக்கிவிடலாம் என்று வளர்ப்பவர்கள் வருஷக்கணக்கில் முயன்றார்கள். முடியவில்லை. லேசாக ஆடும் பாம்புக்கு மோசமாக ஆடும் குட்டி பிறந்தது, மோசமாக ஆடுவதற்கு லேசாக ஆடும் குட்டி பிறந்தது. கோடு இருக்கும் இடத்தில் எல்லாம் ஆட்டமும் இருந்தது. இரண்டு பிரதியும் ஸ்பைடராக உள்ள 'சூப்பர் ஸ்பைடர்' என்று உறுதியான ஒரு பாம்பை யாரும் காட்டியதில்லை. அப்படிப்பட்ட கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும் என்றே பரவலாகக் கருதப்படுகிறது.

காரணம் என்ன? 2022ல் ப்ளோஸ் ஒன் ஆய்விதழில் வந்த ஒரு ஆய்வில், ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் ஸ்டார்க்கும் அவரது குழுவும் ஸ்பைடர் பாம்புகளின் உள்காதை மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்களும் அதை ஒட்டிய பையும் உருக்குலைந்து இருந்தன. மூளைக்கு 'மேல் எது, கீழ் எது' என்று சொல்ல வேண்டிய கருவியே சரியில்லை. தலைசுற்றல் வந்து சுவரைப் பிடித்து நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். அந்தப் பாம்புக்குப் பிடித்துக்கொள்ளச் சுவரும் கிடையாது.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கரு வளரும்போது முதுகுத்தண்டு உருவாகும் இடத்தை ஒட்டி ஒரு செல் கூட்டம் கிளம்பி உடம்பு முழுக்கப் பயணம் போகிறது. நிறச் செல்கள் அங்கிருந்து வருபவைதான். நரம்பு மண்டலத்தின் சில பகுதிகளும், உள்காதில் சில செல்களும் அதே கூட்டத்தின் சொந்தக்காரர்கள். அந்தக் கூட்டத்தை ஒரு ஜீன் மாற்றம் குழப்பினால் தோலோடு மட்டும் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி உள்ள டால்மேஷியன் நாய்களில் பிறவிச் செவிடு அதிகம் இருப்பதற்கும் நிறச் செல்களுக்கும் தொடர்பு உண்டு. ஸ்பைடரிலும் இதுபோல ஒன்றுதான் நடக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

பிரிட்டனில் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் பாம்புகளை விற்க 2018ல் தடை போட்டது. ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டத்தில், வலியோ கேடோ தரும் என்று தெரிந்தே ஒரு விலங்கை இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று தனிப் பிரிவே இருக்கிறது. அமெரிக்காவில் விற்பனை இன்னும் நடக்கிறது.

வளர்ப்பவர்கள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நல்லா சாப்பிடுது, குட்டி போடுது, நிறைய நாள் வாழுது. அப்புறம் என்ன?" எனக்கு இந்த வாதம் ஒட்டவில்லை. பாம்புக்கு முகபாவம் கிடையாது, முனகவும் தெரியாது. நாயாக இருந்து இப்படித் தலை சுற்றி விழுந்திருந்தால் இந்த வியாபாரம் இத்தனை வருஷம் நடந்திருக்குமா?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா மார்ஃபும் நோய் இல்லை. பாஸ்டல், பைபால்ட் போன்றவற்றில் இப்படி ஒரு கோளாறு அறியப்படவில்லை. அல்பினோவுக்கு வெளிச்சம் கூசும், அவ்வளவுதான். ஆனால் ஸ்பைடர் தனி ஆளும் இல்லை. ஷாம்பெயின் மார்ஃபிலும் தள்ளாட்டம் உண்டு. கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு கோணலாகப் பிறப்பது உண்டு. சூப்பர் சினமனில் வாத்து மூக்கு மாதிரி மூஞ்சி. டெசர்ட் மார்ஃபில் பெண் பாம்புகளுக்கு முட்டையிடுவதில் சிக்கல். பல்லியிலும் இதே கதை நடந்தது: 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற லெப்பர்ட் கெக்கோ மார்ஃபில் அந்தப் பளபள வெள்ளைக்குக் காரணமான செல்களே பெரும்பாலானவற்றுக்குக் கட்டியாக மாறின. 2021ல் அதற்கான ஜீனும் கண்டுபிடிக்கப்பட்டது.

பாடப்புத்தகத்தைத் திருத்திய பனானா

கொஞ்சம் நல்ல செய்திக்கு வருவோம். பனானா மார்ஃப் வந்த புதிதில் வளர்ப்பவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள. சில ஆண் பனானாக்களுக்குப் பிறக்கும் பனானா குட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஆண். வேறு சில ஆண்களுக்கு கிட்டத்தட்ட எல்லாமே பெண். அம்மாவிடம் இருந்து ஜீனைப் பெற்ற ஆணுக்குப் பெண் பனானாக்கள், அப்பாவிடம் இருந்து பெற்ற ஆணுக்கு ஆண் பனானாக்கள். 'மேல் மேக்கர்', 'ஃபீமேல் மேக்கர்' என்று பெயர் வைத்து அதற்கும் தனி விலை போட்டார்கள்.

ஆனால் பாடப்புத்தகத்தின்படி இது நடக்கவே கூடாது. பாம்புகளுக்கு பறவைகள் மாதிரி இசட்-டபிள்யூ குரோமோசோம்தான் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். அதாவது ஆணுக்கு இரண்டும் இசட். அப்படியானால் ஆண் எதைக் கொடுத்தாலும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகத்தான் போக வேண்டும். பனானா கணக்கு ஒத்துவர வேண்டுமானால் மனிதர்கள் மாதிரி ஆணுக்கு எக்ஸ்-ஒய் இருக்க வேண்டும். 2016ல் வளர்ப்பவர்களின் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு இதைச் சொன்னது. அடுத்த ஆண்டே டோனி கேம்பிள் என்ற ஆய்வாளரின் குழு, ஒரு போவா பாம்பிலும் பர்மிய மலைப்பாம்பிலும் எக்ஸ்-ஒய் இருப்பதை டிஎன்ஏ மூலம் காட்டியது. விலைப்பட்டியலுக்காக எழுதி வைத்த நோட்டு, விஞ்ஞானத்துக்கும் உதவியது.

பாம்புகள் எங்கிருந்து வருகின்றன?

மார்ஃப்கள் எல்லாம் பண்ணையில்தானே பிறக்கின்றன, காட்டுக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். முழு உண்மை இல்லை. 1970களின் நடுப்பகுதியில் இருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பால் பைத்தான்கள் ஏற்றுமதி ஆகியிருக்கின்றன. டோகோ, பெனின், கானாவில் 'ரேன்ச்சிங்' என்று ஒரு முறை: காட்டில் வளைகளைத் தோண்டி சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்து வருவார்கள். முட்டை பொரிந்ததும் குட்டிகள் ஏற்றுமதிக்குப் போகும், ஒரு பகுதியைக் காட்டில் விடுவார்கள். அந்த நாட்டு விவசாயிகளுக்கு இது ஒரு சீசன் வருமானம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன், இந்தப் பாம்பை இப்போது அழிவு அபாயத்தை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

இந்தியாவில் வளர்க்கலாமா?

பால் பைத்தான், சர்வதேச வனஉயிரி வர்த்தக ஒப்பந்தமான சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது, உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022ல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி சைட்டஸ் பட்டியல் உயிரினங்கள் நான்காவது அட்டவணைக்குள் வந்துவிட்டன. வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பரிவேஷ் இணையதளம் வழியாக மாநில தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம். அதன் பிறகு குட்டி போட்டாலும், இறந்தாலும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும்.

பேங்காக்கில் இருந்து சூட்கேஸில் வரும் பாம்புக்கு இந்தப் பத்திரம் எதுவும் கிடையாது. பிடிபட்டால் பெரும்பாலும் வந்த நாட்டுக்கே விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். சென்னையில் பிடிபட்ட அந்த 45ம் அப்படித்தான் பேங்காக் திரும்பின. பிடிபடாமல் வெளியே வரும் பாம்பு இன்ஸ்டா வழியாக, டெலிகிராம் வழியாக விற்கப்படும். அதன் அப்பா அம்மா யார், எந்த ஜீன், ஸ்பைடர் உள்ளே இருக்கிறதா, எதற்கும் பதிவு இருக்காது. 'ரேர் பீஸ் ப்ரோ, தலையை ஆட்டி டான்ஸ் ஆடும்' என்று யாராவது வீடியோ அனுப்பினால் அது என்ன டான்ஸ் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: நம்ம ஊர் மலைப்பாம்பை வளர்க்கலாமா? முடியாது. இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பழுப்பாக இருந்தாலும் அல்பினோவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். வீட்டுப் பக்கம் வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் செய்யுங்கள்.